பாதி விலை பேட்டரி

லாபம் தன் பேண்ட்டைத் தானே துவைக்க ஆரம்பித்ததும் தெரு கொஞ்சம் ஆடித்தான் போனது. குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷன், விடிந்ததும் விடியாததுமாகக் குழாயடியில் குந்திக்கொண்டு சோப்புப் போட்டால் யாருக்குத்தான் கண் உறுத்தாது? பெண்டாட்டி மேல் புதுப் பாசம் என்றது ஒரு கட்சி. ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் விவரமானவர்கள். ஆனால் அவர்கள் நினைத்த தப்பு வேறு, நடந்த தப்பு வேறு.

லாபம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. எதை வாங்கினாலும் நாலு வீடு ஏறி, "எவ்வளவுக்கு முடிச்சேன் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுக் கேட்டுத் தெருவில் சம்பாதித்தது. வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அவர் சம்பாதித்தது அது ஒன்றைத்தான். வீட்டில் அடுப்பெரிந்தது மனைவியின் தையல் மிஷினால். அவள் மொத்தமாகச் சீருடை தைத்துக் கொடுப்பாள். இவர் டெலிவரி, மேற்பார்வை. மேற்பார்வை என்றால் அவள் தைப்பதைப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்ப்பது.

அவளுக்குத் துணி கொடுப்பது கூடப்பிறந்த அண்ணன். மொத்த ஜவுளி வியாபாரி. தாய் தகப்பன் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர், முதல் மிஷினையும் வாங்கிப் போட்டவர். முழுத் துணிச் சுருளை, ஜவுளிக்காரர் பாஷையில் 'தான்', அப்படியே அனுப்பிவிட்டு, "தைச்சு வித்துட்டுக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். தங்கமான மனுஷர். வாய்தான் கொஞ்சம் நீளம். தங்கை வீட்டுக்குள் கால் வைத்ததும் புதுச் சாமான் ஏதாவது தென்படுகிறதா என்று கண்ணைச் சுழற்றுவார். முதல் காற்றுக்கே பூவாக விரிந்துபோன குடையோ, பக்கத்து வீட்டுக் குழந்தையை அலற வைத்த மிக்சியோ கண்ணில் படும்.

"இந்தத் தடவை எவன்கிட்ட ஏமாந்தீங்க மாப்ள?"

கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். அது பரவாயில்லை. மிஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அவளும் சிரிப்பாள். லாபத்துக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது அந்தச் சிரிப்புதான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், டெலிவரிக்குப் போகும் பைக்கில் பட்டனை அமுக்கினால் டிக் என்றது, அதோடு சரி. உதைத்துக் கிளப்பலாம் என்றால் அந்த மாடலுக்கு உதைக்கிற சமாசாரமே கிடையாது. ஒரு ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான வெளிர் நீலக் கோட்டுகள் தைத்து, இஸ்திரி போட்டு, கட்டி வைத்திருக்கிறாள் மனைவி. அவள் கைக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது.

"நல்ல கம்பெனி பேட்டரியா பார்த்து வாங்குங்க. சரக்கு போற வண்டி," என்று பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கடைக்காரன் முதலில் நல்லதைத்தான் எடுத்து வைத்தான். பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் பக்கத்தில் வைத்தான்.

"அது மூடினது சார். மாட்டினா மறந்துடலாம். இது ஆசிட் ஊத்தறது. விலை பாதி."

"கரண்டு ரெண்டுலயும் ஒண்ணுதானே?"

"கரண்டு ஒண்ணுதான் சார்…" என்று இழுத்தான். அந்த இழுப்புக்குள் எவ்வளவோ இருந்தது. லாபத்தின் காதில் விழுந்தது 'ஒண்ணுதான்' மட்டும்.

மாட்டுவதற்கு மெக்கானிக் எதற்கு, கை இல்லையா நமக்கு? வாசலில் வண்டியை நிறுத்தித் தானே உட்கார்ந்தார். பேட்டரியின் பக்கவாட்டில் இரண்டு கோடு போட்டிருந்தது. ஆசிட் அதற்குள் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தொட்ட பிறகும் பாட்டிலில் மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கினதைச் சாக்கடையில் விட அவர் என்ன பைத்தியமா? மிச்சத்தையும் ஊற்றினார். பெட்டிக்குள் ஒல்லியாக ஒரு ரப்பர் டியூப் கிடந்தது. கூடுதலாகப் போட்டிருக்கிறான், நல்ல மனசு, என்று பத்திரப்படுத்தினார். பேட்டரி பழையதைவிட ஒரு விரல்கடை உயரமாக இருந்ததால் வலது பக்க மூடி சாத்த வரவில்லை. மூடி இல்லாவிட்டால் வண்டி ஓடாதா என்ன? பட்டனை அமுக்கியதும் வண்டி உறுமியது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் அந்த விலை தெரியாதவர் யாரும் இல்லை.

மறுநாள் கோட்டுகளை இரண்டு கித்தான் பைகளில் திணித்து, வண்டிக்கு இரு பக்கமும் தொங்கவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். வலது பை வழியெல்லாம் அந்தத் திறந்த இடத்தில் உரசிக்கொண்டே போனது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ஸ்டோர் அம்மாள் போன் பண்ணினாள். அவள் போட்ட சத்தம் போனுக்கு வெளியே கேட்டது.

"என்னம்மா கோட்டு தைச்சிருக்கே? ஒரே ஒரு தடவை சலவைக்குப் போட்டோம், பாதிக் கோட்டு சல்லடையா வந்திருக்கு! டாக்டர் என்கிட்ட, 'இதைப் போட்டுக்கறதா, இல்ல இதுல மாவு சலிக்கிறதா'ன்னு கேக்கறார். திருப்பி எடுத்துட்டுப் போ. வேற தைச்சுக் கொடு, இல்லன்னா இனிமே இந்தப் பக்கம் வராதே."

திரும்பி வந்த கோட்டுகளை மனைவி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். தையல் ஒன்றுகூட விடவில்லை. துணிதான் பொட்டுப் பொட்டாகக் காணாமல் போயிருந்தது. பாதி நன்றாக இருக்கிறது, பாதி இப்படி. அனுப்பிய தான் இரண்டு. அப்படியானால் ஒரு தான் நல்லது, ஒரு தான் மட்டம். யார் போட்டாலும் அந்தக் கணக்கு அப்படித்தான் வரும். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்ணே, பழைய சரக்கைத் தள்ளிவிட நான்தான் கிடைச்சேனா?"

"என்னம்மா பேசறே? உனக்கு நான் மட்டமான துணி கொடுப்பேனா?"

"கொடுத்திருக்கியே! மூட்டையா கிடக்கு என் முன்னாடி!"

பேச்சு வளர்ந்து, அண்ணி கொண்டுவந்த மூக்குத்தியில் தொடங்கி, அப்பா சாவுக்கு யார் அதிகம் அழுதார்கள் என்பது வரைக்கும் போய் நின்றது. லாபம் பக்கத்து நாற்காலியில் மேற்பார்வையாக இருந்தார். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை மறைத்துக்கொள்ளவும் அவர் பெரிதாக மெனக்கெடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொடியில் காய்ந்த தன் பேண்ட்டை எடுத்து உதறினார். வலது கால், முழங்காலுக்குக் கீழே, பொட்டுப் பொட்டாக ஓட்டை. அதற்குள் சூரியன் தெரிந்தது.

குளிர்ச்சி அந்த நிமிஷமே போய்விட்டது. பேண்ட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூலையிலிருந்த மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். மெக்கானிக் பேண்ட்டையும் பேட்டரியையும் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"யார் சார் மாட்டினது?"

"ஏன்?"

"இதுல கை வச்சவன் கையை ஒடிக்கணும். இங்க மூக்கு மாதிரி இருக்கு பாருங்க, இதுல டியூப் மாட்டி வண்டிக்கு அடியில விடணும். ஆசிட்டை வேற கழுத்து வரைக்கும் ஊத்தி வச்சிருக்கு. வண்டி குலுங்கக் குலுங்க வெளியே துப்பும். துணியில பட்டா அப்ப ஒண்ணும் தெரியாது சார். தண்ணியில போட்டு அலசினா அப்படியே விட்டுக்கும். நல்லவேளை, பேண்ட்டோட போச்சு."

"ஆமா," என்றார் லாபம். "பேண்ட்டோட போச்சு."

வீட்டுக்கு வந்து டியூபைத் தேடியெடுத்து மாட்டினார். அதிகப்படி ஆசிட்டை உறிஞ்சி எடுத்தார். மூடிக்கு முட்டுக்கொடுத்துக் கட்டினார். கிழிந்த பேண்ட்டைக் குப்பையில் புதைத்தார். வேறு எந்தக் கால்சட்டையில் எந்தத் துளி காத்திருக்கிறதோ என்று பயந்து, மிச்சத்தைத் தானே துவைக்க ஆரம்பித்தார். தெரு பார்த்தது அதைத்தான். எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. சொல்லலாம் என்று இரண்டு தடவை மிஷின் பக்கம் போனார். இரண்டு தடவையும் அந்தக் கேள்வி காதில் கேட்டது: இந்தத் தடவை எவன்கிட்ட ஏமாந்தீங்க மாப்ள? அதற்கு அவள் சிரிக்கப்போகும் சிரிப்பும் கேட்டது. பேசாமல் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனே வந்துவிட்டார். அக்குளில் அதே துணியில் ஒரு தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "ஒரு வாளித் தண்ணி கொண்டாம்மா," என்றார். எல்லார் கண் முன்னாலும் ஒரு முழம் கிழித்து, சோப்புப் போட்டுக் கசக்கி, அடித்து, பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஊசிமுனை அளவுக்கு ஓட்டை கிடையாது.

பிறகு கெட்டுப்போன கோட்டு ஒன்றை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்தார். ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன.

"இது நெசவுல வந்ததில்லம்மா. மடிச்சு வச்சிருக்கும்போது ஏதோ பட்டு இறங்கியிருக்கு. யோசிச்சுப் பாரு."

"என் வீட்டுல என்ன படும்? துணிமேல ஈ உக்கார விடமாட்டேன் நான்," என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை சரியாக விழுந்தால் போதும், அழுதுகொண்டே அண்ணன் தோளில் சாய்ந்துவிடுவாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லாபத்தைப் பார்த்தார்கள்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. கொண்டுபோன வழியில ஏதாச்சும்…"

லாபம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் என்ன மச்சான் சொல்றது? இன்னைக்கு நீங்க கொண்டாந்தது நல்ல தானுதான். அன்னைக்கு அனுப்பினது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி பதமாகத்தான் சொன்னார். அண்ணன் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. தங்கை மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானை எடுத்துக்கொண்டு, குடிக்கச் சொம்பில் வைத்த தண்ணீரையும் தொடாமல் படியிறங்கிப் போனார்.

அவள் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து, வேறு கடையில் துணி எடுத்தாள். ராப்பகலாகத் தைத்தாள். லாபம் அதே பைகளில், அதே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போதுதான் டியூப் இருக்கிறதே, பேட்டரி தூங்குகிற குழந்தை மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒரு சலவை போனது. இன்னொரு சலவையும் போனது. ஸ்டோர் அம்மாள் போன் பண்ணி, "இது துணி! இதை முதல்லயே கொடுத்திருக்கக்கூடாதா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு மனைவி இவர் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்களா," என்றாள். "அதே கை, அதே மிஷின், அதே வண்டி. துணி மட்டும்தான் மாறுச்சு. மனசுல ஓரமா ஒரு சந்தேகம் இருந்துச்சு, நாமதான் தப்பாப் பேசிட்டமோன்னு. இனிமே இல்ல. கூடப்பிறந்தவன் என்கிட்டயே வித்திருக்கான்."

லாபம் வாயைத் திறந்தார்.

"நீங்க எதுவும் சொல்லாதீங்க. அவன் உங்களைக் கேலி பண்ணும்போதெல்லாம் நானும் பல்லைக் காட்டினேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். உங்களுக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கு."

அன்றைக்குத் தட்டில் அவருக்கு முதலில் விழுந்தது. நாற்காலியில் தலையணை ஒன்று புதிதாக வந்தது. புதுத் துணிக்காரன் வீட்டு வாசலில் நின்று, "ஐயாவைக் கேட்டு முடிவு பண்ணுங்கம்மா," என்றான். அவளும் கேட்டாள். இத்தனை வருஷமாக ஏங்கியது எல்லாம் ஒரே மாதத்தில் நடுவீட்டில் வந்து இறங்கியது. சோறு மட்டும் ஏனோ இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் அவள் அதை இவர் கையில் திணித்தாள்.

"நீங்களே பேசுங்க. நான் இல்லன்னு சொல்லிடுங்க."

காதில் வைத்தார். அந்தப் பக்கம் அண்ணன்.

"மாப்ளயா? அவ பக்கத்துலதான் இருப்பா, தெரியும். பேச வேணாம், விடுங்க. நல்லா இருக்காளா?"

"இருக்கா மச்சான்."

"கடையில இருந்த பழைய பில்லு, சரக்கு எல்லாத்தையும் புரட்டிப் பார்த்துட்டேன். எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு மாப்ள. ராத்திரியில எழுந்திரிச்சுத் துணியைத் துவைச்சுப் பார்க்கறேன். என் பொண்டாட்டி என்னைப் பைத்தியம்ங்கறா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீங்களாச்சும் என்னை நம்பறீங்களா?"

லாபம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்பறேன் மச்சான்," என்றார், மிஷின் சத்தத்துக்கு மேல் போகாத குரலில்.

"அது போதும் மாப்ள. அது போதும்."

போன் நின்றது. மிஷினும் நின்றது.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்ல," என்றார் லாபம். "புதுச் சரக்கு வந்திருக்காம். வேணுமான்னு கேக்கறார்."