பின்சுவரில் நான்கு கதவுகள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் ராமானுஜம் மாமா தன் புதுக் கிடங்குக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலையை என்னிடம்தான் கொடுத்தார். தி. நகரில் அவருக்கு ரெடிமேட் துணி மொத்த வியாபாரம். உஸ்மான் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த கிடங்கு போதாமல் ஆதம்பாக்கத்தில் நிலம் வாங்கியிருந்தார். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம்.

வெளிநாட்டில் இருக்கிற மாதிரி வேண்டும் என்றார். நானும் ஆசையாகத்தான் வரைந்தேன். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத நீளமான இரும்புக் கூடம். லாரித் தட்டின் உயரத்துக்குத் தரை, அதனால் மூட்டையை முதுகில் சுமக்காமல் வண்டியில் தள்ளியே ஏற்றிவிடலாம். கூரை வழியே வெளிச்சம், கூரையின் உச்சியில் சூடு வெளியேற வழி. லாரிக்கான கதவுகள் எல்லாம் முன்பக்கம். பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு நான்கு கதவுகள் வைத்தேன். துணிக் கிடங்காயிற்றே, முன்னால் தீப்பிடித்தால் பின்னால் இருப்பவர்கள் எங்கே ஓடுவார்கள்?

மாமா வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தார். சிவப்புப் பென்சிலால் நான்கு கதவுகளையும் அடித்தார்.

“ஏம்மா கோமளம், திருடனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கறியா?”

முன்கதவுகளை மேனேஜர் கபாலி பார்த்துக்கொள்வான், பின்பக்கத்தை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. கதவு இல்லாத வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யாருக்காகக் கத்துகிறாயோ அவர்களையே போய்க் கேள், வேண்டும் என்றால் கட்டுகிறேன், வேண்டாம் என்றால் அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் பழைய கிடங்குக்குப் போனேன். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெண்களிடமும் சுமை தூக்குகிறவர்களிடமும் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் சொர்ணத்தைப் பார்த்தார்கள். அடையாறு ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறவள், அங்கே வேலை செய்கிறவர்களில் மூத்தவள். கதவு வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குக் கோபம் அவள்மேல்தான் வந்தது. நல்லதுக்குச் சொன்னால் இப்படியா? உயிர்மேல் ஆசையே கிடையாதா என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பின்சுவரிடம் அழைத்துப்போனாள். அங்கே ஒரு ஆள் உயரத்துக்குச் செங்கல் மட்டும் புதிதாக இருந்தது.

“இங்க ஒரு கதவு இருந்துச்சும்மா. ஒரு தபா ரெண்டு மூட்டை கொறைஞ்சிபோச்சு. இதாலதான் போயிருக்கும்னு சொல்லி எங்க ஊட்டுக்காரர போலீஸ் டேசனுக்கு இட்டுக்கினு போனாங்க.”

அவள் கணவர் தங்கவேல் அங்கே சுமை தூக்கிக்கொண்டிருந்தவர். அந்த மூட்டைகள் திருவல்லிக்கேணியில் வேறொரு கடையில் தவறுதலாக இறங்கியிருந்தது பிறகு தெரியவந்தது. அதற்குள் போன இடத்தில் வாங்கிய அடியில் அவர் படுத்துவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மாமா அவர் வேலையை இவளுக்குக் கொடுத்தார், கதவை அடைக்கச் சொன்னார். வழி ஒன்றே ஒன்று என்றால் போகும்போது வாசலில் உடம்பைத் தடவிப் பார்க்கிற ஒரு சோதனையோடு முடிந்துவிடுகிறது, பழி இல்லாமல் வீட்டுக்குப் போகிறோம் என்றாள் சொர்ணம்.

“நெருப்பு எப்பனா ஒரு தபா வரும்மா. சந்தேகம் தெனிக்கும் வருது.”

யார்மேல் எரிந்து விழுவது என்றுகூடத் தெரியவில்லை. லஸ்ஸில் இருந்த என் ஆபீசுக்கு வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதானே பேச்சு? கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. கதவுகளை மறுபடி வரைந்தேன். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. திறந்த கணமே கிடங்கு முழுக்க மணி அடிக்கும், சாவி போட்டால்தான் நிற்கும். தெரியாமல் ஒரு ஈ காக்கைகூட அந்த வழியாகப் போக முடியாது.

முதலில் சொர்ணத்திடம்தான் காட்டினேன். மணி அடிக்கவில்லை என்றால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை என்று முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும், அப்படியானால் சரி என்றாள். மாமாவிடம் போய், இது சம்பளம் வாங்காத காவல்காரன் என்று சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. சொர்ணம் கேட்டதையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வந்தார். பழைய கிடங்கில் எல்லோர் முன்னாலும், தரையைப் பார்த்துக்கொண்டே, அவள் கேட்டபடி சொன்னார்.

அடுத்த வருஷம் கட்டடம் முடிந்தது. சரக்கு வருவதற்கு முன் கதவுகளைச் சோதித்துப் பார்க்க எல்லோரையும் ஆதம்பாக்கத்துக்கு வரச் சொன்னேன். வெற்றுக் கூடத்தில் பேச்சு எதிரொலித்தது. யாரும் கதவைத் தொட முன்வரவில்லை. கடைசியில் சொர்ணம்தான் போனாள். கதவின் குறுக்கே இருந்த இரும்புப் பட்டையில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள். மணி அடிக்கத் தொடங்கியது. அவள் வெயிலுக்குள் இறங்கினாள். நானும் மாமாவும் பின்னாலேயே போனோம்.

அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். காலை அகட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கபாலி ஓடிப்போய்ச் சாவி போட்டு மணியை நிறுத்தினான்.

கையை இறக்கச் சொன்னேன். உன்னை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றேன். அவள் இறக்கவில்லை.

“பாத்துடும்மா. பாத்துட்டாதான் எனக்குக் காலு நகரும்.”

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்போதும் முந்திக்கொண்டு வரும் கோபம் அன்றைக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. சொர்ணத்தின் இடுப்பு, முந்தானை, கொசுவம் என்று ஒன்று விடாமல் என் கையாலேயே தடவிப் பார்த்தேன். திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மாமாவைப் பார்த்து, “ஒண்ணும் இல்லை” என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவள் கையை இறக்கினாள்.