இரண்டு ஹாட் டிஸ்க்குகள்

அஸர் தொழுத கையோடு றுக்ஸானா அந்தக் கணினிப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றினாள். அன்றைக்கு அது மூன்றாவது தடவை. காதைக் கிட்டக் கொண்டுபோனாள். ஹாட் டிஸ்க் சுழலும் இரைச்சலுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. வந்ததுபோலவும் இருந்தது, வராததுபோலவும் இருந்தது.

சாய்ந்தமருதில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுப்பவள் அவள். இரத்ததானச் சங்கத்தின் பெயர்ப் பட்டியலைக் கிழிந்த கொப்பியிலிருந்து மாற்றி ஒரு சேர்வரில் வைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, "செஞ்சத வாங்கினா விலை கூட. பாகங்கள வாங்கி நானே வீட்டில பூட்டித் தாறன், கூலி வேணாம்" என்று முன்வந்திருந்தாள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினியை வாங்கினாள். பட்டியல் வைக்க அதன் வேகம் தாராளம். கரண்ட் அடிக்கடி போய்வரும் ஊர் என்பதால் பவர் சப்ளை மட்டும் புதிது. "டிஸ்க்கும் புதுசா ரெண்டு வேணும் ஐயா. ஒண்டு போனா மத்தது காப்பாத்தும்" என்று சங்கச் செயலாளர் இராசதுரையிடம் அவளே விளக்கினாள்.

கல்முனையில் கடை வைத்திருந்த ஸிராஜ் இரண்டு டிஸ்க்குகளை மேசையில் வைத்தான்.

"டீச்சர், இது வெளிநாட்டில ஓடின சாமான். ஓடின மணிக்கணக்க அழிச்சி, புது ஸ்டிக்கர் ஒட்டி வந்திரிக்கி. பில்ல புதுசுக்குப் போடுறன். மிச்சம் ஒங்களுக்கு."

"அது சரியில்ல ஸிராஜ் நானா."

"எல்லாரும் எடுக்கிறதுதான். மூணு கிழமையா சும்மாதானே மெனக்கெடுறீங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. உண்மைதானே, ஒருவர்கூட நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. காசை வாங்கினாள். அதில் ஒரு போன் வாங்கினாள். அன்றிலிருந்து அந்தப் போன் அடிக்கும்போதெல்லாம் இராசதுரையோ என்றுதான் முதலில் பார்த்தாள்.

நான்காம் மாதம் ஒரு டிஸ்க் செத்தது. உடனே மாற்றியிருக்க வேண்டும். ஆனால் புதுசு எப்படி நாலு மாதத்தில் போகும் என்று இராசதுரை கேட்டால் என்ன சொல்வது? மற்றது ஓடுகிறதுதானே என்று பேசாமல் இருந்தாள். அதுதான் ஒவ்வொரு நாளும் தன் வீட்டிலேயே இருந்த அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து காது கொடுத்தாள்.

அடுத்த வியாழன் காலை ஆஸ்பத்திரியிலிருந்து தாதி கிருசாந்தி அழைத்தாள்.

"றுக்ஸானா, பிள்ளைப்பேறு கேஸ் ஒண்டு. இரத்தம் நிக்குதில்ல. ஓ நெகட்டிவ் இங்க முடிஞ்சிற்று. லிஸ்டப் பாத்து நம்பர் தாங்க, கெதியா."

திரை எழும்பவில்லை. முதலாவதோடு ஒன்றாகவே வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த இரண்டாவது டிஸ்க்கும் நின்றுவிட்டிருந்தது.

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காரைதீவில் இராசதுரையின் வீட்டுக்கு ஓடினாள். அவருடைய அலுமாரியில் அந்தக் கிழிந்த கொப்பி கிடந்தது. அதிலிருந்த ஓ நெகட்டிவ்காரர் ஐந்து பேரில் மூவரின் நம்பர் மாறியிருந்தது. ஒருவர் கட்டார் நாட்டில். கடைசிப் பெயர் கதிர்காமன், மீனவர். போன் வேலை செய்யவில்லை. கடற்கரைக்கே போனாள். தோணி அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் வலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு பின்னால் ஏறினார்.

இதற்குள் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. ஆஸ்பத்திரி விறாந்தையில் றுக்ஸானா உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தாள். பிள்ளைப்பேற்றுக்கு வந்த அந்தப் பெண்ணின் தாய் எதிரே நிலத்தில் குந்தியிருந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க றுக்ஸானாவால் முடியவில்லை. பின்னேரம் கிருசாந்தி வெளியே வந்து, "ரெண்டு பேரும் தப்பிற்றாங்க" என்றாள்.

அங்கேயே, செய்தி கேட்டு வந்திருந்த இராசதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். 

"எனக்கிட்டச் சொல்லி என்ன புள்ள. சங்கத்துக்குச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் எழும்பினாள். கதிர்காமனும் வந்திருந்தார். எடுத்த அளவு காசை மேசையில் வைத்தாள். 

"பழைய சாமான் வாங்கினது பிழை இல்ல. பழசப் புதுசு எண்டு சொன்னதுதான் பிழை. பழசு எண்டு சொல்லியிருந்தா, கிழமைக்கு ஒருக்கா பட்டியல வேற இடத்திலயும் எடுத்து வெச்சிருப்பம். ஒரு பொய்ய மறைக்க, செத்த டிஸ்க்கையும் மறைச்சன். கொமிசன் எடுக்கக்குள்ள கொஞ்சக் காசுதானே எண்டுதான் நானும் நினைச்சன். அண்டைக்குப் போகப் பாத்தது ஒரு தாயிட உசிரு."