மயோ கொடுத்த தண்ணீர்ச் சொற்கள்

புர் ஹகபா பாறைக்கு மேற்கே ஒரு சோளக்காட்டு ஊரில், மயோ என்ற குடியானவன் தண்ணீரைப் பற்றிய தன் சொற்களையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் தீரியேவுக்குக் கொடுத்துவிட்டான். தீரியே வடக்கத்தியான்; பஞ்சத்தில் ஒட்டகங்களைப் பறிகொடுத்து வந்தவன். வடக்கத்தியார் பேச்சும் இவர்களுடைய மாய் பேச்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒன்று ஒட்டகத்தின் பின்னாலும் மற்றது மண்வெட்டியின் பின்னாலும் போனதில் முகம் மறந்துவிட்டன. அந்நியனைக் குலத்தில் சேர்க்கும்போது மாடறுத்து, நிலம் பிரித்து, கூடவே கொஞ்சம் பேச்சும் பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். கொடுத்த சொல் கொடுத்தவன் நாவுக்குத் திரும்பாது என்பதால் மற்றவர்கள் வசவையோ விடுகதையையோ கொடுத்துச் சமாளிப்பார்கள். வந்தவன் தாகத்தில் துவண்டு கிடந்ததைப் பார்த்திருந்த மயோவுக்கு அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை.

"இனி விக்கல் எடுத்தா என்ன சொல்லிக் கேப்பீரு?" என்றாள் மனைவி ஹபீபோ.

"தம்பி இருக்கான். அவன் கேப்பான்."

தீரியேவும் பல ஆண்டுகள் கேட்கத்தான் செய்தான். மயோ தன் நிலத்தில் குளம் வெட்டியபோது கூடவே நின்று மண் சுமந்தான். பிறகு தலைநகருக்குப் போனான். அரசு வடக்கத்தியார் பேச்சுக்கு எழுத்து கொடுத்த காலத்தில் அவனுக்கு உத்தியோகமும் கிடைத்தது. அடுத்த கோடையில் ஓர் அதிகாரியோடு ஜீப்பில் வந்து இறங்கி, குளம் தன்னுடையது என்றான்.

வேலமரத்தடியில் விசாரணை. அதிகாரிக்கு மாய் தெரியாது. எடுத்துச் சொல்ல இருந்தவன் தீரியே ஒருவன்தான். மயோ எழுந்தான். "என் நிலத்துல நான் வெட்டினது இந்த..." என்றான்; குளம் என்ற சொல் வரவில்லை. வழக்கம்போலத் தம்பியின் பக்கம் திரும்பி நின்றான்.

தீரியே அதிகாரியைப் பார்த்தான். "இது நம்ம பாஷையே இல்லீங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல."

பெண்கள் பக்கமிருந்து ஹபீபோவின் குரல் வந்தது. "உன் வாயில இருக்கறது அவரு தண்ணிடா."

அதையும் தீரியே எடுத்துச் சொல்லவில்லை. குளம் அவன் பெயருக்குப் போனது; சுற்றிலும் முள்வேலி வந்தது. விளங்கவில்லை என்று தீரியே மறுத்த தண்ணீர்ச் சொற்கள் அன்றே அவன் வாயைவிட்டு இறங்கின. ஆனால் மயோவிடம் திரும்பவில்லை, குளத்துக்குள் போய்விட்டன. அடுத்த மழையில் தவளைகள் சுத்தமான மாயில், இந்தக் குளத்தை வெட்டியவன் மயோ, ஊற்றைக் கண்டவன் மயோ என்று விடியும்வரை சாட்சி சொல்லின. இப்போதும் மழைக்கு மழை சொல்கின்றன. ஊரார் வேலிக்கு வெளியே நின்று கேட்டு, சரிதான் என்று தலையாட்டிவிட்டு, குடங்களோடு அடுத்த ஊர்க் குளத்துக்கு நடக்கிறார்கள்.