விடுபட்ட முக்கால் மணி நேரம்

அந்த வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அவர் ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் ஓடுகிறவன் நின்றுவிடுவான் என்று மகன் பெருமையாகச் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட தொண்டை மருமகளைக் கண்டால் மட்டும் உள்ளே போய்விடும். டீ வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "டீ போட்டிருக்காங்களா?" என்பார். அவளும் கதவோரம் நின்றபடி, "இதோ, மாமா" என்பாள். கல்யாணமாகி இத்தனை நாளில் இருவரும் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் தேறாது.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்தாள். விடுப்பு எடுத்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பெடுத்த நர்ஸ், "முதல் பிரசவம்தானே, அவசரமே இல்ல. வலி விட்டு விட்டு வரும். குளிச்சு, சாப்பிட்டு, நிதானமா கிளம்பி வாங்க" என்று சொல்லியிருந்தாள். அந்த தைரியத்தில்தான் அத்தை அன்று முற்பகலில் பல் பிடுங்கப் போயிருந்தாள். கணவன் நகரத்தின் மறுபக்கம் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அவளும் மாமனாரும்தான்.

துணி துவைக்கும் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில் நின்றது. அதில் துணியைப் போட்டு மூடியை அழுத்தியபோது இடுப்பில் பளிச்சென்று ஒரு வெட்டு. சூட்டு வலியாக இருக்கும் என்று நினைத்தாள். நிமிர்வதற்குள் இன்னொன்று. அதற்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிடக்கூட இடமில்லை. விட்டு விட்டு வரும் என்றார்களே, இது விடவே இல்லையே என்று நினைத்தது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. முழங்கால் மடங்கியதும், மெஷினின் விளிம்பைப் பிடித்ததும், தன்னுடையதென்று நம்ப முடியாத ஒரு ஓலம் தொண்டையிலிருந்து கிளம்பியதும் ஞாபகம் இருந்தது.

அதன் பிறகு ஒன்றுமில்லை. அடுத்ததாக அவள் கண்டது, தன்மீது குனிந்திருந்த ஆம்புலன்ஸ்காரியின் முகத்தை. நெஞ்சின்மேல் ஈரமாக, கதகதப்பாக ஒரு உயிர் நெளிந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். "முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடுச்சாமே! கொடுத்து வச்சவ" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி, அவளுக்கு ஒன்றரை நாள் வலி. வீங்கிய கன்னத்தோடு வந்த அத்தை, "எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கின நேரத்துல நீ ஒரு புள்ளையே பெத்துட்ட" என்று சொல்லி, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருமகளும் சிரித்துவைத்தாள். போர்வைக்குள் அவள் கால்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தன. நர்ஸிடம் சொன்னதற்கு, உடம்பு சரியாகிவிடும் என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் உடம்பு சரியாகத்தான் ஆனது. ஆனால் அந்த நடையை மட்டும் அவளால் நிதானமாகக் கடக்க முடியவில்லை. குளியலறைக்குப் போகவேண்டும் என்றால் மெஷின் பக்கம் பார்க்காமல் சுவரோரமாக விரைவாள். மெஷினை யாராவது ஓடவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். மடியில் கிடந்த குழந்தையைப் பார்க்கும்போது, யாரோ பெற்று யாரோ தன் கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. இதை வாய்விட்டுச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்தாள். கணவனிடம் ஒருநாள் பாதி சொன்னாள். "அதான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, அதையே ஏன் நினைக்கிற?" என்று தலையைத் தடவிக்கொடுத்தான்.

நடந்ததைப் பார்த்தவர் ஒருவர்தான். அவரோ இப்போது சுவரிடம்கூடப் பேசுவதில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவள் சாப்பிட்டு எழுந்தபின்தான் சாப்பிட உட்காருவார். பேத்தியை அத்தை கொண்டுபோய் நீட்டினால், "கை ஈரமா இருக்கு" என்று நழுவிவிடுவார்.

ஒருநாள் மாலை அத்தை கடைக்குப் போயிருந்தாள். அவர் கூடத்தில் தன் கேன்வாஸ் ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தையோடு வந்ததும் வழக்கம்போல எழுந்தார்.

"மாமா, போகாதீங்க. உக்காருங்க."

அவர் ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ..."

"எனக்கு வேணும், மாமா. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது."

அவர் காலிலிருந்த ஷூவைக் கழற்றிவைத்தார். பிறகு, தலை நிமிராமலே சொல்லத் தொடங்கினார்.

"சத்தம் கேட்டு ஓடி வந்தேன். நீ முட்டிபோட்டுட்டு இருந்த. முதல்ல நான் திரும்பி நின்னுக்கிட்டேன். அப்படியே ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். போன்ல ஒரு அம்மா, 'சார், திரும்பிப் பாருங்க, தலை தெரியுதா'ன்னு கேட்டாங்க. நான் எப்படிம்மா பாக்குறதுன்னேன். 'பாக்கலைன்னா குழந்தை தரையில விழும்'னாங்க. பார்த்தேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நான் என்ன பண்ணினேன்?"

"அவங்க முக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி ஊதச் சொன்னாங்க. நீ கேக்குற நிலைமையிலயே இல்ல. அப்பதான் நான்..." அவர் தயங்கினார். "கத்திட்டேன். கிரவுண்டுல கத்துற மாதிரி. ஊதுன்னு. நீ திரும்பி என்னைப் பார்த்த. ஊதின. நான் ஒண்ணுன்னா ஒண்ணு, ரெண்டுன்னா ரெண்டு. அத்தனை வலியிலயும் தப்பாம ஊதின, தாயி. அதனாலதான் தலை மெதுவா வந்துச்சு. இல்லாட்டி கிழிச்சிட்டு வந்திருக்கும்னு அப்புறமா ஆம்புலன்ஸ் பொண்ணு சொன்னா."

தானும் எதையோ செய்திருக்கிறோம் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"நடுவுல துண்டு எடுக்க எழுந்தேன். 'யோவ், எங்கேயும் போயிடாதய்யா'ன்னு என் சட்டையைப் பிடிச்சிட்ட."

"யோவ்னா சொன்னேன்?"

"ரெண்டு தடவை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் குழந்தை வந்துச்சு. என் கையிலதான் வந்துச்சு. நீலமா இருந்துச்சும்மா. அழல. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. என் பொண்டாட்டிகிட்டகூட. நீ 'என்ன புள்ளை, என்ன புள்ளை'ன்னு கேக்குற, நான் பதிலே சொல்லல. போன்ல அந்தம்மா முதுகைத் துண்டால தேய்க்கச் சொன்னாங்க. தேய்ச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. என் உயிரே போயிடுச்சு. போச்சு, என் கையிலயே போச்சு, மகன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு நினைச்சேன். திடீர்னு பூனை மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அழுதுச்சு பாரு..."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எத்தனையோ பையன்களை வெயிலில் நிறுத்திய மனிதர், சின்னப் பிள்ளைபோலக் குலுங்கினார்.

அவர் தன்னை வெறுத்து ஒதுங்குவதாக இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன்னை அந்தக் கோலத்தில் பார்த்த அருவருப்பு என்று நினைத்திருந்தாள். அவரும் அதே நடையில்தான் இன்னும் மண்டியிட்டுக்கொண்டிருக்கிறார் என்று இப்போதுதான் புரிந்தது.

குழந்தையை அவர் மடியில் வைத்தாள். இம்முறை அவர் நழுவவில்லை. உள்ளங்கையால் தலையைத் தாங்கிப் பிடித்தார். அந்தப் பிடி அவருக்குப் பழகியதுபோல் இருந்தது.

பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?"

அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"ஆமா, மாமா" என்றாள். "செத்துடுவேன்னு நினைச்சேன்."

அவர் தலையசைத்தார். அவள் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அத்தை வந்து கதவைத் தட்டும்வரை அழுதாள்.