தெற்கே தலை

விமானத்தில் பிணத்தை அனுப்ப இரண்டு பெட்டிகள் வேண்டும். வெளியே பலகைப் பெட்டி, உள்ளே துத்தநாகத் தகட்டுப் பெட்டி. பலகை தூக்குவதற்கு. தகடு காற்றையும் நீரையும் அடைப்பதற்கு. தகட்டுப் பெட்டிக்கு ஆணி அடிப்பதில்லை. மூடியின் விளிம்பு முழுக்க ஈயத்தை உருக்கிப் பற்றவைத்துவிடுவார்கள். ஊசித்துளை இருந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

என் தம்பி வெற்றி அப்படி ஒரு பெட்டிக்குள் எகிப்திலிருந்து வந்தான். பற்றவைத்தவன் நல்ல வேலைக்காரன். எங்கேயும் ஈயம் சிந்தவில்லை, எங்கேயும் மேடு தட்டவில்லை. பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது அது மட்டும்தான். பத்தொன்பது நாளாக எனக்கு இப்படிப்பட்டவைதான் தோன்றிக்கொண்டிருந்தன.

நான் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கேஸ் கட்டிங் வேலை செய்கிறேன், உடைத்த கப்பல்களின் தகடுகளை நெருப்பால் வெட்டுவது. வெற்றி சரக்குக் கப்பலில் டெக் ஆள். சூயஸ் கால்வாய்க்குள் நுழைய முறை வரும்வரை கப்பல்கள் போர்ட் சயீத் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடக்கும். அப்படிக் காத்திருந்த ஒரு முறை கரைக்கு இறங்கி, பஸ் பிடித்துக் கெய்ரோ போய் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அங்கிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்பினான்: "அண்ணே, ஒரு ராஜா படுத்துகினு கீறான். மூவாயிரத்து சொச்சம் வருசமாம். தலையில முடி கீது அண்ணே. உனுக்குக்கூட அவ்ளோ கெடையாது."

அன்றிலிருந்து எனக்கு எகிப்து பிடித்துக்கொண்டது. நூலகத்தில் இருந்ததைப் படித்தேன், போனில் கிடைத்ததைப் பார்த்தேன். ராஜாவின் முடியைவிட, அது எப்படி உதிராமல் இருக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெற்றி இறந்த செய்தி வந்த பிறகு, உடம்பு வந்து சேரும்வரை வீட்டில் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான், அம்மா புஷ்பவல்லி, வெற்றியின் மனைவி ஜெயஸ்ரீ. ஏதாவது பேச வேண்டியிருந்தது. எனக்குப் பேசத் தெரிந்தது ஒன்றுதான்.

எகிப்தியர்களுக்குச் செத்தபின்னும் உடம்பு வேண்டும். உயிர் திரும்பி வந்து தங்குவதற்கு அதுதான் வீடு என்று நம்பினார்கள். நைல் ஆற்றுக்கு மேற்கே வற்றிப்போன ஏரிகளில் நேட்ரான் என்று ஓர் உப்பு கிடைக்கும். சாப்பாட்டு உப்பும் சோடா உப்பும் கலந்த மாதிரி இருக்கும். இடது விலாவுக்குக் கீழே கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்து நான்கு ஜாடிகளில் வைப்பார்கள். இதயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். மேலுலகத் தீர்ப்பில் அதைத் தராசில் ஓர் இறகுக்கு எதிராக நிறுத்துப் பார்ப்பார்கள் என்பது நம்பிக்கை. பிறகு நாற்பது நாள் உப்புக்குள் புதைத்து வைப்பார்கள். உப்பு தண்ணீரை இழுத்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி வாழாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அம்மா காசிமேட்டில் கருவாடு விற்கிறவள். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ராஜாவக் கருவாடு போட்டானுங்களா?"

"ஆமாம்மா. அதே கணக்குதான்."

"வவுத்தக் கீறி, கொடல எட்த்துட்டு, உப்பு வெச்சி. நம்ம வேலதான் அது. மூளைய இன்னா பண்ணானுங்க?"

"மூக்கு வழியா கொக்கி போட்டு இழுத்துத் தூக்கிப் போட்ருவாங்க."

"கலீஜ் புட்ச்சவனுங்க" என்றாள் அம்மா. முகத்தில் ஒன்றும் இல்லை.

ஜெயஸ்ரீ கேட்டாள்: "மூவாயிரம் வருசம் கெடாம வெச்ச ஊரு. இருவது நாளு தாங்காதா மாமா? அவுரு போனாப்லியே வந்துருவாரு இல்ல?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கப்பல் கம்பெனி அனுப்பிய காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஏணியிலிருந்து பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் சரக்கு அறைத் தளத்தில் விழுந்தான் என்றும், முகம் அடையாளம் காணும் நிலையில் இல்லை, கைரேகையால் உறுதி செய்யப்பட்டது என்றும் அதில் இருந்தது. பெண்களிடம் அவன் விழுந்ததை மட்டும் சொல்லியிருந்தேன். ஜெயஸ்ரீ கேட்டதற்கு, இப்போது உப்பு இல்லை, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றுகிறார்கள், முட்டை வெள்ளைக்கரு சூட்டில் கெட்டியாவது மாதிரி அது சதையைக் கெட்டியாக்கிவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியான தகவல். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள்.

பெட்டி காலை பதினொரு மணிக்கு ராயபுரம் வந்தது. கூட வந்தவர் ஜெபசிங், கப்பல் ஏஜென்ட்டின் ஆள், தூத்துக்குடிப் பக்கம். எங்கள் சந்துக்குள் பலகைப் பெட்டி நுழையவில்லை. முனையிலேயே பலகையைப் பிரித்துவிட்டுத் தகட்டுப் பெட்டியை மட்டும் ஆறு பேர் தூக்கி வந்தார்கள். மாவு மில் திருப்பத்தில் அதுவும் இடித்தது. பின்னால் போய், சுற்றி, முன்னதைப் பின்னதாக மாற்றிக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தார்கள்.

ஜெபசிங் கையெழுத்து வாங்கினார். "அப்படியே எடுத்துருங்க அண்ணாச்சி. தொறக்கப்படாதுன்னு சட்டம் இல்ல. ஆனா நான் நாப்பது பெட்டி எறக்கியிருக்கேன். தொறந்த வீட்டுல ஒருத்தரும் நல்லாருந்து பாத்ததில்ல."

"வாய்க்கரிசி போடணும்" என்றாள் ஜெயஸ்ரீ.

எங்கள் தெருவில் புதைப்பதுதான் வழக்கம். மூலக்கொத்தளத்தில் குழி தயாராக இருந்தது. புதைத்தாலும் எரித்தாலும் வாய்க்கரிசி இல்லாமல் எடுக்க மாட்டோம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து ஒரு பிடி பச்சரிசியை வாயில் போடுவார்கள். எகிப்திலும் இதே இடத்தில் ஒரு சடங்கு உண்டு. சுற்றிக் கட்டிய உடம்பைக் கல்லறை வாசலில் நிமிர்த்தி வைத்து, பூசாரி ஒரு வாய்ச்சி உளியால் அதன் வாயைத் தொடுவார். வாய் திறந்துவிட்டது, இனி சாப்பிடலாம், பேசலாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் படையல். நான் இதையும் ஜெயஸ்ரீயிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"மாமா, நீங்க கப்பலயே துண்டு போடுற ஆளு. இந்தத் தகட வெட்ட மாட்டீங்களா?"

வெட்டலாம். ஆனால் கேஸ் கொண்டு வெட்ட முடியாது. துத்தநாகத்தில் நெருப்பு பட்டால் வெள்ளைப் புகை வரும், சுவாசித்தால் ஜுரம் வரும். உள்ளே இருப்பதும் கருகும். தகடு வெட்டும் கத்திரிதான் சரி. மூடி முழுவதையும் எடுக்காமல் ஒரு சாண் ஜன்னல் மட்டும் திறந்து, வாயை மட்டும் காட்டிவிட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வாய் மட்டும் தெரிந்தால் போதும், அதற்கு மேலே துணி போட்டுவிடலாம்.

அம்மாவை வெளியே பந்தலில் மற்ற பெண்களோடு உட்கார வைத்தோம். அறையில் நான், ஜெயஸ்ரீ, ஜெபசிங் மூவரும் மட்டும்.

எங்கே வெட்டுவது? எகிப்திய ஓவியர்கள் ஆள் வரைவதற்கு முன் சுவரில் கட்டம் போடுவார்கள். உள்ளங்கால் முதல் நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை பதினெட்டுக் கட்டம். பதினாறில் தோள். அப்படியானால் வாய் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில். வெற்றி ஐந்தடி ஏழு அங்குலம். பெட்டியின் உள்விளிம்பில் இரண்டு அங்குலம் பஞ்சு என்று வைத்துக்கொண்டேன். டேப்பை இழுத்து, சாக்பீஸால் சதுரம் போட்டேன். நேர்த்தியான சதுரம்.

மூலையில் உளியால் ஓட்டை போட்டுக் கத்திரியை நுழைத்தேன். மருந்து வாடை மூக்கை எரித்தது. மூன்று பக்கம் வெட்டித் தகட்டை மடித்தேன். உள்ளே வெள்ளைத் துணி. அதையும் கீறி விலக்கினேன்.

இரண்டு கால்கள். கட்டைவிரல்களைச் சேர்த்து நாடாவால் கட்டியிருந்தார்கள்.

ஜெபசிங்தான் கேட்டார், "தல இந்தப் பக்கம்னு யாரு சொன்னா அண்ணாச்சி?"

யாரும் சொல்லவில்லை. வீட்டில் பிணத்தைத் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்துவோம். அதனால் தெற்கே இருப்பது தலை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். தலைப் பக்கம் எது என்று எழுதியிருந்த பலகை சந்து முனையில் சுவரோரம் சாத்திக் கிடந்தது. பெட்டியை மாவு மில்லருகே திருப்பியதை நானும் கூட நின்று பார்த்தேன். அளவு சரி, கட்டம் சரி. அளக்க ஆரம்பித்த முனை தப்பு.

ஜெயஸ்ரீ குனிந்து பார்த்தாள். இடது காலின் இரண்டாவது விரலைத் தொட்டாள். "இந்த வெரலுக்கு நகம் மொளைக்காது. அவுருதான்" என்றாள். பிறகு எழுந்து வடக்கு முனைக்குப் போய் நின்றாள். "இங்க வெட்டுங்க மாமா."

நான் கத்திரியைக் கீழே வைத்தேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. படித்துக் காட்டவில்லை.

"ஜெயஸ்ரீ, பன்னெண்டு மீட்டருன்னா நாலு மாடி. வுழுறவன் மொதல்ல கைய முன்னால நீட்டுவான். அந்த வேகத்துக்குக் கை தாங்காது, மடங்கிடும். அப்பறம் மூஞ்சிதான்..."

"இன்னா சொல்றீங்க?"

"மூஞ்சி இல்ல. எழுதிக்கீது."

"எப்ப வந்துச்சு இது?"

"பத்து நாளாச்சு."

அவள் கத்தவில்லை. காகிதத்தை வாங்கி, மடித்து, என்னிடமே கொடுத்தாள். "பத்து நாளா ராஜா கத சொல்லிக்கினு இருந்தீங்க."

"ஆமா."

"வாயி கீதா, அதுவும் இல்லியா?"

"அத எழுதல."

ஜெபசிங் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு வேறு வழி தெரியாமல் தெரிந்ததைச் சொன்னேன்: "அங்கல்லாம் செலைக்கும் வாயி தொறப்பாங்கம்மா. ஒடம்பு கெடைக்காமப் போனாலும் செல கீதே. அப்டி நம்ம படத்துக்கு..."

"நான் இன்னா எகிப்துக்காரியா? படம் எதுக்குத் துன்னும்? ஆளு உள்ள கீறாரு." வளையல்களை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளினாள். "என் கை போறாப்ல வெட்டுங்க. நான் பாக்க மாட்டேன்."

இந்த முறை வடக்கிலிருந்து அளந்தேன். வெட்டிய தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கை நுழைத்தால் கிழித்துவிடும். அதனால் விளிம்பை வெளிப்பக்கம் இரண்டு முறை மடித்து, சுத்தியால் தட்டித் தட்டையாக்கினேன். மடிப்பின் மேல் என் விரலை ஓட்டிப் பார்த்தேன். அதன் மேல் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டேன். இவ்வளவும் செய்ய இருபது நிமிடம் ஆனது. உள்ளே பார்க்காமலே எல்லாவற்றையும் செய்தேன்.

ஜெயஸ்ரீ அரிசியை எடுத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துண்டுக்கு அடியில் அவள் கை மணிக்கட்டுவரை போனது. அங்கேயே நின்றது. முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது, பிறகு நின்றது.

"துணி" என்றாள். "பஞ்சு வெச்சி சுத்திச் சுத்திக் கட்டிக்கீறாங்க."

"ம்."

"எது இன்னான்னு தெரில." இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "இங்கனு வெச்சிக்கிறேன்." விரல்கள் விரிந்ததைத் துண்டு காட்டியது. கையை வெளியே எடுத்து, பார்க்காமலே புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஜெபசிங் போய்க் கூட்டி வந்தார். அம்மா பெட்டியையும் துண்டையும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஜெயஸ்ரீயைத்தான் கேட்டாள்.

"மூஞ்சி பாத்தியாடி?"

"பாத்தேன் அத்த."

"எப்டி கீறான்?"

"தூங்குறாப்ல கீறாரு."

அம்மா தலையை ஆட்டினாள். "இவன் சொன்னது செரிதான். அந்த ஊர்க்காரனுங்களுக்குத் தொழிலு தெரிது." பிறகு துண்டைப் பிடித்தாள். "நானும் ஒரு தபா பாக்குறேன்."

"மருந்து வாட அத்த. கண்ணு எரிஞ்சிடும். எனக்கே தண்ணியா ஊத்துது பாரு." ஜெயஸ்ரீயின் கண்கள் சிவந்துதான் இருந்தன. அந்த மருந்துக்கு அப்படித்தான் ஆகும். "கண்ண மூடிக்கோ. நான் கைய புட்ச்சிக்கிறேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயஸ்ரீ அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரல் நுனிகள் மட்டும் உள்ளே போகும்படி நிறுத்தினாள். "வுடு அத்த. வாயிலதான் வுழுது." அம்மா விட்டாள். "துன்னுடா நைனா" என்று மட்டும் சொன்னாள். ஜெபசிங் அவளைப் பந்தலுக்குத் திரும்பக் கூட்டிப் போனார்.

என் முறை. நானும் ஒரு பிடி போட்டேன். துணியில் அரிசி விழும் சத்தம் கேட்டது.

பிறகு இரண்டு ஜன்னல்களையும் மூடினேன். துத்தநாகத்தில் ஈயம் பிடிக்க ஆசிட் போதும், தனியாகப் பற்றுப்பசை வேண்டாம். ஆசிட் துத்தநாகத்தைக் கொஞ்சம் தின்று, பற்றவைக்கத் தேவையான உப்பை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். இடம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். கால் பக்கத்தை முதலில் முடித்தேன். வடக்குப் பக்கம் வந்து தகட்டை மடக்கினால் படியவில்லை. மடிப்புக்குள் நான்கைந்து அரிசி சிக்கியிருந்தது. ஜெயஸ்ரீயிடம் காட்டினேன்.

"உள்ள தள்ளுங்க மாமா" என்றாள்.

திருப்புளி முனையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். தகடு படிந்தது. ஆசிட்டைத் தடவினேன்.