அரை டம்ளர்

ஷிகெனோ அக்காவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சினாட்சுவுக்கு அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காலிறுதி பெனால்டியில் முடிந்திருந்தது. ஜப்பானின் கடைசி உதையை அடித்தது சினாட்சு. கொரியக் கோல்கீப்பர் பொயோங் அதை விரல் நுனியால் தட்டிவிட்டாள். இந்தக் கோப்பையோடு ஓய்வு என்று சொல்லியிருந்த கேப்டன் ஷிகெனோவுக்கு அதுவே கடைசி ஆட்டமாகிவிட்டது. உடை மாற்றியதும் அவள் தனியாக விமான நிலையத்துக்குக் கிளம்புகிறாள்.

ஆனால் ஊக்கமருந்துச் சோதனைக் குலுக்கலில் சினாட்சுவின் எண் விழுந்திருந்தது. எண் விழுந்தால் நேரே சோதனை அறைக்குப் போக வேண்டும். அரை டம்ளர் சிறுநீர் கொடுக்கும்வரை வாசல் தாண்ட முடியாது. வியர்த்துக் கொட்டிய உடம்பில் அது லேசில் ஊறாது.

எதிர் நாற்காலியில் பொயோங். அவள் எண்ணும் விழுந்திருந்தது. இருவரும் ஜப்பானின் கோபே நகரில் ஒரே கிளப்பில் ஆடியவர்கள்.

"அழாதடி. இருக்கிற தண்ணியும் கண்ணு வழியாப் போயிட்டா இங்கயே குடியிருக்க வேண்டியதுதான்."

"வாய மூடு. எல்லாம் உன்னாலதான்."

"எப்பவும் அதே இடது மூலை. மாத்தி அடிக்கிறதுக்கு என்ன?"

சினாட்சு ஒரு பாட்டில் தண்ணீரை வாயில் கவிழ்த்தாள். பிறகு இன்னொன்று.

"மெதுவாக் குடி!"

"அக்கா கிளம்பிடுவாங்க."

மூன்றாவதும் காலியானது. கொஞ்ச நேரத்தில் வந்தேவிட்டது. டாக்டரம்மா ஒரு சொட்டைக் கருவியில் விட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நீர்த்துப் போயிருக்கும்மா. இது செல்லாது. மறுபடி குடுக்கணும்."

அவசரமாகக் குடித்தால் அப்படித்தான். உள்ளே போன தண்ணீர் ஏறக்குறைய தண்ணீராகவே வெளியே வரும். அதில் மருந்து இருந்தாலும் தெரியாது. இனி குடிக்காமல், உடம்பு தன் வேலையைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

தன் முறையை முடித்துவிட்டு பொயோங் எழுந்தாள். "நான் போய் அவங்கள நிறுத்தி வைக்கவா?"

"நீயா? இப்ப உன் மூஞ்சியில முழிக்கணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து?"

பொயோங் சிரிக்கவில்லை. தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சினாட்சு வெளியே வந்தபோது உடைமாற்றும் அறை காலி. தோற்றாலும் அவரவர் இடத்தை அவரவர் துடைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அறை பளிச்சென்றிருந்தது. அவள் இடத்தில் மட்டும், இடைவேளையில் பூட்ஸிலிருந்து உதிர்ந்த புல்லும் மண்ணும்.

பக்கத்தில் ஷிகெனோவின் இடம். தரை இன்னும் காயவில்லை.

மூலையில் கிடந்த துணியை சினாட்சு எடுத்தாள். அதிலும் ஈரம் இருந்தது. மண்டியிட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.