கதவு வேஷம்

"கதவை உடைச்சிடலாமா, இல்ல நீங்க வந்து திறக்கிறீங்களா மாமா?" என்று மச்சினன் போனில் கேட்டான். வருகிறேன் என்றேன். வரவில்லை என்று சொன்னால் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

அவனுடைய ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் ஞாயிறு மதியங்களில் ஒரு விளையாட்டு நடக்கும். மேஜைமேல் வரைபடம், பகடை, காய்கள். ஆளுக்கொரு வேஷம். மச்சினன் கதையை நடத்துவான். வாள்வீரன், வில்லாளி எல்லாம் இவர்களுக்கு அலுத்துவிட்டது. ஆட வருகிற பஸ் டிரைவருக்கு, இருட்டைக் கண்டால் அழுகிற பூதம் வேஷம். மருந்துக்கடைக்காரி, ஒவ்வொரு மந்திரத்துக்கும் ரசீது கேட்கிற சூனியக்காரி. என் மனைவி ஒரு கதவு. பேசுகிற மரக்கதவு. அதை அவள் முதன்முதலில் வீட்டில் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன்.

கடைசியாக அவள் ஆடிய அன்று மற்றவர்கள் ஒரு குகைக்குள் போனார்கள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அடுத்த வாரம் திறப்பதாக ஏற்பாடு. அடுத்த வாரம் அவள் மருத்துவமனையில் இருந்தாள். அதற்கடுத்த வாரம் அவளே இல்லை. ஒருவர் வேஷத்தை இன்னொருவர் தொடக்கூடாது என்பது அந்த மேஜையின் சட்டம். வீட்டு ஆள் யாராவது வந்து ஆடலாம், இல்லையென்றால் அந்த வேஷத்தை முடித்துவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க அவர்கள் உள்ளேயே கிடந்திருக்கிறார்கள்.

ஞாயிறு மதியம் போனேன். வரைபடத்தின் குகைவாசலில் தீப்பெட்டி அட்டையில் வெட்டிய கதவு நின்றது. "திறக்குது" என்றேன். சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றிருந்தது.

"அப்படியெல்லாம் திறக்காது தம்பி" என்றார் டிரைவர். "அது முதல்ல ஒரு கேள்வி கேக்கும். நெசத்தைச் சொன்னாத்தான் வழி விடும். ஒரு தடவை, தலைக்குச் சாயம் அடிக்கிறீங்களான்னு கேட்டு என் மானத்தை வாங்கிருச்சு."

"ஏன், அடிக்கிறதில்லையா?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அது பழகிவிட்டது.

எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தோன்றியது.

"என்னைப் பத்தி அவ இங்க என்ன சொல்லுவா?"

மச்சினன் பகடையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தான். "விடுங்க மாமா."

"கதவு கேக்குது."

"நீங்களும் ஆட வந்தா என்ன வேஷம் குடுக்கலாம்னு ஒரு நாள் பேசிட்டிருந்தோம். சுவர்னு சொன்னா அக்கா. எப்படியும் வாயைத் திறக்கமாட்டாரு, பொருத்தமா இருக்கும்னா." அவன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்க சிரிச்சோம். அவ சிரிக்கல. சாஞ்சுக்க நல்லா இருக்கும்னு சொன்னா."

அவள் எப்போது சாய்ந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வந்ததெல்லாம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் சுவரில் சாய்ந்து நின்றதுதான். சுவர் குளிர்ந்திருந்தது.

"திறந்தாச்சு" என்றேன்.

வெளியே நல்ல வெயில், தூரத்தில் ஒரு ஆறு தெரிகிறது என்றான் மச்சினன். மின்விசிறிக் காற்றில் வரைபடத்தின் ஓரம் படபடத்தது. மருந்துக்கடைக்காரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். டிரைவரின் விரல் பூதத்தின் தலைமேல் இருந்தது. யாரும் காயை நகர்த்தவில்லை.